ஒன்றரைச் சாண்

வால்பரைசோ குன்றுகளில்
எந்த வீட்டுத் தரையும் மட்டமாக இருப்பதில்லை.
தச்சர் நிபால்டோ ரசமட்டம் வைத்துப் பார்த்தார்.
குமிழி ஓரத்துக்கு ஓடி
அங்கேயே ஒட்டிக்கொண்டது.
"மேசையை அறுக்கவா, வீட்டை அறுக்கவா?" என்றார்.
அட்டையை எட்டாக மடித்து
இடது காலுக்கு அண்டை கொடுத்தோம்.

கப்பலுக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட்
துறைமுகக் கடையில் பாதி விலை.
வெளிச்சுவருக்கு என்று வாங்குவார்கள்.
நான் உள்ளே கொண்டுவந்தேன்:
பச்சை என்றால் பச்சையில்லை, நீலமுமில்லை.
மூன்று நாள் தலைவலி.
நாலாம் நாள்
அதுவே என் அறையின் வாசனை.

என் தொழில் விரிசல்.
காப்பீட்டு நிறுவனத்துக்காக
அடுத்தவர் சுவர்களை அளந்து எழுதுகிறேன்:
படுக்கையறை, வடக்குச் சுவர்,
குறுக்காக, இரண்டு மில்லிமீட்டர்.
பதினோரு வருடம் சமையலறை மேசையில்
வெங்காயத் தோலுக்கு நடுவே
எத்தனை பேருடைய கூரைகளை இறக்கி வைத்திருக்கிறேன்!
போதும், அவற்றுக்கென்று ஓர் அறை இருக்கட்டும்.

தலைக்கு மேல் அலமாரி கூடாது.
கனமானதெல்லாம் முழங்காலுக்குக் கீழே.
கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்றுகூட வேண்டாம்.
விளக்கை மட்டும் தொங்கவிடலாம்,
முதலில் சேதி சொல்வது அதுதான்.

தங்கை ஒடெத் ஒரு தொட்டிச் செடியோடு வந்தாள்.
"கடல் தெரியாத மேசை எதற்கு?"
ஜன்னலுக்கு நேரே இழுத்துப் போட்டாள்.
அந்த வாரம்
பதினேழு சரக்குக் கப்பல்கள்,
மீன்சந்தைக் கூரையில் சண்டையிட்ட கூழைக்கடாக்கள்,
ஒரே ஓர் அறிக்கை.

சுவரைப் பார்க்கத் திருப்பினேன்.
ஏழு அறிக்கைகள்.
எல்லாம் சரி, ஒரு எண்கூடப் பிசகவில்லை.
கில்புவேயில் ஒரு வீட்டுக் கதவு நிலையில்
பென்சில் கோடுகள் இருந்தன,
ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வயது.
விரிசல் அவற்றுக்கு ஊடே போயிருந்தது.
அதை நான் எழுதவில்லை.
அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை.

ஆகஸ்டில் ஒரு விடியல்.
விளக்கு ஆடியது. பூனை என் வயிற்றின் மேல் ஓடியது.
இதற்கெல்லாம் இந்த ஊரில் யாரும் எழுந்து உட்கார்வதில்லை.
காபி போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தால்
மேசை நடந்திருந்தது.

ஒன்றரைச் சாண்.
அண்டை கொடுத்த அட்டையை உதறிவிட்டு,
ஜன்னலுக்கும் சுவருக்கும் நடுவே
யாரிடமோ கோபித்துக்கொண்ட மாதிரி
ஒருக்களித்து நின்றது.
பென்சிலை வைத்தேன். உருளவில்லை.

உட்கார்ந்தேன்.
இரண்டு தகரக் கூரைகளுக்கு இடையில்
விரற்கடை அகலத்துக்குக் கடல்.
ஒரு கப்பல் அதற்குள் நுழைந்தது;
எந்த நாட்டுக் கொடி என்று பார்ப்பதற்குள்
கடந்தும் போயிற்று.
அவ்வளவு கடல் எனக்குத் தாங்கும்.

நிபால்டோ ரசமட்டத்தோடு வந்தார்.
"மறுபடி வைத்துப் பார்க்கலாமா?"
வேண்டாம் என்றேன்.
ஒடெத்துக்கு ஆற்றவில்லை.
செடியை மட்டும் நகர்த்தினாள்.

என் சுவரிலும் ஒன்று விழுந்திருந்தது,
கப்பல் பெயின்ட்டைக் கீறிக்கொண்டு.
உள்ளே யாரோ எப்போதோ அடித்த மஞ்சள்,
அதற்கும் உள்ளே செய்தித்தாள்.
கை பழக்கத்தில் அளந்தது: ஒரு மில்லிமீட்டர்.
பட்டி பார்க்கவில்லை.

கில்புவே கோப்பைத் திறந்து
கடைசி வரிக்குக் கீழே சேர்த்தேன்:
கதவு நிலை, இடப்பக்கம்.
ஆறு வயதுக் கோடு விரிசலுக்குக் கீழே,
ஏழு வயதுக் கோடு மேலே.
இரண்டும் இன்னும் படிக்கும்படி இருக்கின்றன.

இதற்கு அவர்கள் பணம் தரமாட்டார்கள்.
அனுப்பிவிட்டேன்.